வளைவு வரைக்கும் போட்ட சிமெண்ட்

கொழும்பிலிருந்து வேனில் வந்து இறங்கியபோது அந்தச் சக்கர நாற்காலியின் இருக்கையும் முதுகுச் சாய்வும் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தன. வீரய்யாவைத் தூக்கி அதில் உட்கார வைத்த பிறகும் உறை அப்படியே இருந்தது. ஒருவேளை மறந்திருப்பார்கள் என்று நினைத்து அவர் மகள் பூரணி அதைக் கழற்றப் போனாள்.

"அது இருக்கட்டும், பிள்ளை," என்றார் ஓட்டல் ஆபீஸ் அம்பலவாணர், அவள் முகத்தைப் பார்க்காமல். "திருப்பிக் குடுக்கிற சாமான்."

வீரய்யா அசையும்போதெல்லாம் கீழே பிளாஸ்டிக் கரகரவென்று சத்தம் போட்டது. ஓட்டல்காரர்கள் கொடுத்த வெள்ளைச் சட்டையில் அவர் கல்யாணத்துக்குப் போகிறவர் போல இருந்தார். சட்டை மேலுக்குத்தான். இடுப்புக்குக் கீழே அவருடைய பழைய சாரத்தின் மேல் ஒரு கட்டம்போட்ட போர்வையைச் சுற்றியிருந்தார்கள். கால்கள் சூம்பிப் போனது எடுக்கப்போகிற படத்தில் தெரியக்கூடாது என்று ஓட்டல் மனேஜர் சொல்லியிருந்தாராம்.

சவுக்குமலைத் தேயிலைத் தோட்டத்தின் துரை பங்களா ஓட்டலாகி அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. சண்டை நின்று வெள்ளைக்காரர்கள் மறுபடி வரத் தொடங்கிய காலம். பங்களா நூறு வருடத்துக்கும் மேலே பழசு. அதைச் சுற்றி மலைச்சரிவில் இறங்கும் பூங்காவும் அவ்வளவே பழசு. இங்கிலாந்திலிருந்து கப்பலில் கொண்டு வந்த மரங்கள், தாமரைக் குளம், கல்லில் வெட்டிய படிகள் எல்லாம் உண்டு. அந்தக் கல்லைச் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில்தான் இருந்தார்கள். அது எந்தப் பலகையிலும் எழுதியிருக்கவில்லை.

அந்த வருடம் வெளிநாட்டுப் பயண நிறுவனம் ஒன்று ஒரு கடிதம் போட்டது. நடக்க முடியாதவர்களும் பூங்காவைச் சுற்றிப் பார்க்க வசதி இருந்தால்தான் விருந்தாளிகளை அனுப்புவோம், டிசம்பர் பத்தாம் திகதி இரண்டு பேர் வந்து பார்ப்பார்கள் என்று. மூன்று வாரத்தில் படிகளுக்குப் பக்கத்தில் சாய்வாகச் சிமெண்ட் பாதை போட்டார்கள். பாதை தயார். அதில் உருட்டிக் காட்ட ஓர் ஆள் வேண்டும். அந்தத் தோட்டத்தில் இடுப்புக்குக் கீழே உயிர் இல்லாத ஒரே ஆள் வீரய்யா.

அதற்கும் அந்தப் பூங்காதான் காரணம். தொண்ணூற்றேழில், பங்களா வராந்தாவில் உட்கார்ந்தால் பள்ளத்தாக்கு தெரியவில்லை என்று அப்போதைய துரை சொல்ல, கிராண்டிஸ் என்கிற யூக்கலிப்டஸ் மரத்தில் ஏறிக் கிளை வெட்டினார் வீரய்யா. ஈரக் கிளை வழுக்கி விழுந்தார். முதுகெலும்பு போனது. துரைக்குப் பள்ளத்தாக்கு தெரிந்தது. ஆறு வருடமாக வீரய்யா, சாக்குத் துண்டின் மேல் உட்கார்ந்து, கைகளை ஊன்றித் தரையில் நகர்ந்துதான் லயத்துக் காம்பரா அறையின் வாசல் வரைக்கும் வந்துகொண்டிருந்தார்.

அவரைக் கேட்க அம்பலவாணர் தானே லயத்துக்கு வந்தார். முன்பு தோட்டத்துப் பெரிய கிளாக்கர். ஓட்டல் வந்ததும் அதன் ஆபீசுக்கு மாறியவர். யாழ்ப்பாணத்து மனிதர். இருபது வருடம் அங்கேயே இருந்தும் பேச்சு மாறவில்லை. வீரய்யா கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, அந்தப் பாத கீழ்ப் புல்லு வரைக்கும் போகுதுங்களா?"

"பிளானிலை கீழ்ப் புல்வெளி வரைக்கும்தான் கோடு கீறிக் கிடக்கு," என்றார் அம்பலவாணர். "நான் என்ரை கண்ணாலை பார்த்தனான்."

"அப்ப வாறேன்ங்க."

அந்தக் கீழ்ப் புல்வெளி தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு டிசம்பர் வரைக்கும் புல்வெளி இல்லை. ஒன்பதாம் லயம் அங்கேதான் இருந்தது. ஐந்து நாள் விடாமல் பெய்த மழையில் பத்தொன்பதாம் திகதி விடியும்போது மேலே இருந்த மண் சரிந்து லயத்தை மூடியது. வீரய்யா ஃபேக்டரியில் இருந்தார். பதினாலு வயதுப் பூரணி நோர்வூட்டில் சின்னம்மா வீட்டில் இருந்தாள். ஏழு பேர் போனார்கள். ஆறு பேரைத் தோண்டி எடுத்தார்கள். ஏழாவது ஆள், பூரணியின் தாய் நாகலெட்சுமி, கிடைக்கவில்லை. பத்து நாள் தோண்டிவிட்டு நிறுத்தினார்கள். பிறகு மண்ணைச் சமப்படுத்தி, நுவரெலியாவிலிருந்து லொறியில் புல் கொண்டு வந்து பதித்தார்கள். பள்ளத்தாக்கைப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை என்று இப்போது அங்கே வெள்ளை மேசைகள் போட்டிருந்தார்கள்.

விழும் வரைக்கும் ஒவ்வொரு டிசம்பரும் வீரய்யா படி இறங்கிப் போய் அங்கே சூடம் ஏற்றினார். விழுந்த பிறகு பூரணி போனாள். ஓட்டல் வந்ததும் அதுவும் நின்றது. "நீ போயி ஏத்துனது ஒன் அம்மாவுக்கு," என்றார் வீரய்யா ஒரு தடவை. "என் பொண்டாட்டிக்கு நான் ஏத்தலியே." இது பத்தாவது வருடம். பாதை அங்கே போகிறது என்றால், அதில் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டால், பத்தொன்பதாம் திகதியும் அதே நாற்காலியைக் கேட்கலாம். அவர் வெள்ளைச் சட்டைக்குச் சம்மதித்தது இதற்காகத்தான்.

பத்தாம் திகதி காலை, கையில் அட்டையும் பேனாவுமாக உயரமான ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும், கமெராவோடு ஓர் ஆணும் வந்தார்கள். நாற்காலியைத் தள்ளுகிற வேலை பூரணிக்குக் கிடைக்கவில்லை. வரவேற்பு மேசையில் இருக்கும் சர்மிளாவைப் பட்டுப்புடவை கட்டி நிறுத்தியிருந்தார்கள். படத்தில் விழாதபடி பூரணியை வேலிக்குப் பின்னால் வரச் சொன்னார்கள்.

வெள்ளைக்காரப் பெண் நல்லவள் போலத்தான் தெரிந்தாள். சரிவு அதிகமா, கைக்குப் பிடி போதுமா என்றெல்லாம் கேட்டாள். ஆனால் கேட்டது மனேஜரிடம். மனேஜர் வீரய்யாவின் தோளில் கை வைத்து, அவருக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, தினமும் வருவார் என்றார். பூரணிக்கு அந்த அளவு இங்கிலீஷ் தெரியும். பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகும் முன் அவள் பத்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். அந்தக் கை தோளை விட்டு எடுபட்டதும் கால்சட்டையில் ஒரு தேய்ப்புத் தேய்த்துக்கொண்டதையும் அவள் பார்த்தாள்.

பாதை குளத்தைத் தாண்டி, பெரிய கற்பூர மரத்தைச் சுற்றி வளைந்தது. வளைவில் உயரமான செடிவேலி. அங்கே போனதும் சர்மிளா நின்றாள்.

"போ, தாயி," என்றார் வீரய்யா. "இன்னும் கொஞ்சந்தான். நேரா கீழ எறங்கும்."

வேலிக்குப் பின்னாலேயே வந்த பூரணிதான் முதலில் பார்த்தாள். வளைவைத் தாண்டி இரண்டடியில் சிமெண்ட் முடிந்திருந்தது. அதற்கப்பால் ஒரு மணல் குவியல், நனைந்து இறுகிப்போன இரண்டு சிமெண்ட் மூட்டைகள், அவற்றுக்குப் பின்னால் பழைய கல் படிகள். ஐம்பத்திரண்டு படிகள், பாசி பிடித்து, ஒன்றுக்கொன்று முழங்கால் உயரம். மேலேயிருந்து பார்த்தால், கமெராவில் பார்த்தால், பாதை வேலிக்குப் பின்னால் போய் எங்கோ இறங்குகிறது என்றுதான் தோன்றும். கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் போட்டிருந்தார்கள்.

சர்மிளா நாற்காலியைத் திருப்பினாள். திருப்பும்போது மெல்லிய குரலில், "மன்னிச்சுக்கங்க, மாமா," என்றாள். அவளும் நானூயாவில் ஏதோ லயத்தில் பிறந்தவள்தான். கமெராக்காரர் திரும்பி வருகிற நாற்காலியையும் நாலைந்து படம் எடுத்தார். பாதை எங்கே போகிறது என்று அந்தப் பெண் கேட்டதற்கு, கற்பூர மரத்தடிதான் விருந்தாளிகளுக்கு ரொம்பப் பிடித்த இடம் என்றார் மனேஜர். அவள் அட்டையில் எதற்கோ சரி போட்டாள்.

வந்தவர்களுக்கு வராந்தாவில் தேத்தண்ணி. வீரய்யாவைச் சமையல் குசினிக்குப் பின்னால் கொண்டுபோய், கோவா என்கிற முட்டைக்கோஸ் வந்த மரப்பெட்டி ஒன்றின் மேல் இறக்கி வைத்தார்கள். சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். நாற்காலியின் பிளாஸ்டிக் உறையை ஒருவன் டெட்டோல் விட்டுத் துடைத்தான். இரண்டு தடவை துடைத்தான். அந்த நெடி பூரணியின் மூக்கில் ஏறி அன்று முழுக்க இறங்கவில்லை. சோறு சாப்பிடப் போனபோது சோற்றிலும் அதுதான் இருந்தது. அம்பலவாணர் ஒரு கடதாசிப் பையில் கேக் துண்டுகள் கொண்டு வந்தார்.

"ஐயா, கோடு கீறிக் கெடக்குன்னு சொன்னீங்களே," என்றார் வீரய்யா. கோபமாக அல்ல, சந்தேகம் கேட்கிற மாதிரி.

"கோடு கிடந்ததுதான், வீரய்யா. கோட்டைத்தான் நான் பார்த்தனான்," என்றார் அம்பலவாணர். நடந்துபோய்ப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. இருபது வருடம் கடதாசியில் இருப்பதைத் தோட்டத்தில் இருப்பதாக எழுதி எழுதி அவருக்கு அது பழக்கமாகிவிட்டது. கேக் பையைப் பூரணி அந்தப் பெட்டியின் மேலேயே வைத்துவிட்டு வந்தாள்.

பத்தொன்பதாம் திகதிக்கு நாற்காலி இல்லை. அது கொழும்புக்குத் திரும்பிவிட்டது. படிகளில் ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்க முடியாது. மிச்சம் இருந்தது கார் ரோட்டு. ஓட்டலின் பெரிய கேட்டிலிருந்து வளைந்து வளைந்து கீழ்ப் புல்வெளி வரைக்கும் வாகனம் போகிற தார் ரோட்டு. அதில் தோட்டத்து ஆட்கள் நடக்கக்கூடாது. பூரணி ஆபீசுக்குப் போய், அரை மணி நேரம் போதும், சூடம் ஏற்றிவிட்டு வந்துவிடுவோம் என்று கேட்டாள். அம்பலவாணர் உள்ளே போய் மனேஜரைக் கேட்டுவிட்டு வந்து, விருந்தாளிகள் இருக்கிறார்கள், நெருப்புப் பட்டால் புல் கருகும், வீட்டிலேயே செய்யலாம்தானே என்று மனேஜர் சொன்னதைச் சொன்னார். சொல்லும்போது மேசையில் இருந்த ஸ்டாம்ப் பெட்டியைத் திறந்து திறந்து மூடினார்.

"போயி கேட்டுல நிப்போம்," என்றார் நாகலெட்சுமியின் அண்ணன் சோலைமலை. "விட்டா போறோம். விடாட்டி கேட்டுலயே ஏத்திட்டு வாறோம்."

மலையில் நடக்க முடியாதவர்களைத் தூக்குவதற்கு ஒரு முறை உண்டு. கம்பளியின் இரண்டு முனைகளையும் ஒரு கம்பில் கட்டி, ஆளை அதில் படுக்க வைத்து, தோளில் சுமப்பார்கள். பிரசவ வலி கண்டவளும் அப்படித்தான் ரோட்டுக்கு வருவாள். பெட்டி கிடைக்காத நாளில் பிணமும் அப்படித்தான் மயானத்துக்குப் போகும். இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றுதான். உயிருள்ளவரின் முகத்தை மூடமாட்டார்கள். எந்த மழையானாலும் ஒருவர் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு வருவார். முகம் திறந்தே இருக்கும். அதைப் பார்த்துத்தான் எதிரில் வருகிறவர்கள் ஒதுங்குவதா, தலைத்துணியை அவிழ்ப்பதா என்று முடிவு செய்வார்கள்.

அன்று லயத்திலிருந்து கந்தப்பனும் மூக்கனும் கூட வந்தார்கள். சோலைமலையும் கந்தப்பனும் கம்பைச் சுமந்தார்கள். மூக்கன் மாற்று ஆள், குடையும் அவனிடம். பூரணி சூடமும் தீப்பெட்டியும் மடியில் முடிந்திருந்தாள். பாதி வழியில் உடப்புசல்லாவைப் பக்கமிருந்து மழை காற்றோடு வந்தது. குடை மேல்நோக்கி விரிந்து கம்பி ஒடிந்தது. வீரய்யாவின் மூக்கிலும் வாயிலும் தண்ணீர் போய் அவர் இருமினார். மூக்கன் அவசரத்தில், கொழுந்து பறிக்கும்போது பெண்கள் இடுப்பில் கட்டுகிற ரப்பர் படங்கு ஒன்றைப் பூரணியிடமிருந்து வாங்கி அவரைத் தலையிலிருந்து கால் வரைக்கும் மூடினான். அவனுக்கு வேறொன்றும் தோன்றவில்லை. மற்றவர்களுக்கும் தோன்றவில்லை. ஆளுக்கு மழை படாமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

கேட்டில் இருந்த காவலாளி பண்டார, வெலிமடைச் சிங்களவர், வேலைக்கு வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. காவல் கூண்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். கம்பில் தொங்கும் கம்பளி, மூடிய முகம், நனைந்து வருகிற நாலு பேர். அவர் எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றினார். கேட்டின் ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

பூரணிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. மயானம் பங்களாவுக்கு அப்பால் இருக்கிறது. அதற்குப் போகிற வழி அந்தக் கார் ரோட்டுத்தான். தாத்தாமார் காலத்தில் வெள்ளைக்காரத் துரை அதை மூடப்போக, எட்டு நாள் ஒருவரும் காலையில் வேலைக்குக் கூடுகிற பெரட்டுக்குப் போகாமல் இருந்து வாங்கிய உரிமை அது. சாவு வந்தால் கேட்டைத் திறக்க வேண்டும். தப்பு மேளம் அடிக்கக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. ஓட்டல்காரர்களும் அதில் மட்டும் கை வைக்கவில்லை.

சோலைமலை வாயைத் திறந்தார். "அது இல்லீங்க..." என்று தொடங்கினார். பூரணி அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். படங்குக்குள்ளே அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு நாளாக அவருக்கு இருமல். ஆனால் இப்போது அவர் இருமவில்லை. மூச்சு விடுவதுகூடத் தெரியவில்லை. அவர்தான் முடிவு செய்திருந்தார். பூரணி தலையைக் குனிந்துகொண்டாள். நாலு பேரும் உள்ளே போனார்கள்.

ரோட்டின் ஓரத்தில் எதிரே வந்த ஒரு வேன் ஒதுங்கி, என்ஜினை நிறுத்தியது. குடைகளோடு நடந்துகொண்டிருந்த வெள்ளைக்கார விருந்தாளிகள் நாலைந்து பேர் புல்லில் ஏறி நின்று தலை குனிந்தார்கள். ஒரு கிழவி பூரணியின் கையைத் தொட்டு, துயரத்தில் பங்கு கொள்வதாகச் சொன்னாள். ஒன்பது நாளுக்கு முன்னால் இதே மனிதரை இதே பூங்காவில் குசினிக்குப் பின்னால் கோவாப் பெட்டியில் உட்கார வைத்தார்கள். அந்தக் கிழவி மேல் பூரணிக்குக் கோபம் இல்லை. ஆனால் தொட்ட இடத்தைக் கழுவ வேண்டும் போல இருந்தது. இந்த மரியாதை முழுவதும், இந்தக் குனிந்த தலைகள் முழுவதும், அப்பா செத்துவிட்டார் என்பதற்காக. அவள் வாயில் ஊறிய எச்சிலைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நடந்தாள்.

கீழ்ப் புல்வெளியில் மேசைகள் மழைக்குக் கவிழ்த்துப் போடப்பட்டிருந்தன. பழைய லயத்தின் பொதுக் குழாய் இருந்த இடத்தில் ஒரு கல் மட்டும் மிஞ்சியிருந்தது. அதற்குப் பக்கத்தில் கம்பளியை இறக்கினார்கள். பூரணி மடியை அவிழ்த்தாள். சூடம் நன்றாக இருந்தது. தீப்பெட்டி கூழாகியிருந்தது. மூக்கன் தன்னுடையதை எடுத்தான், அதுவும் அப்படித்தான். கந்தப்பனிடம் இல்லை.

அந்த நேரத்தில் மனேஜர் மேலேயிருந்து இறங்கி வந்தார். மயானத்துக்குப் போகிற பிணம் புல்வெளியில் ஏன் நின்றது என்று கேட்கத்தான் வந்திருப்பார். ஆனால் விருந்தாளிகளும் பின்னாலேயே வந்து அரை வட்டமாக நின்றுவிட்டார்கள். மனேஜர் குடையை மடக்கினார். தலையைக் குனிந்தார். கைகளை முன்னால் கோத்துக்கொண்டார்.

வீரய்யா படங்கை முகத்திலிருந்து விலக்கினார்.

"தொரை," என்றார், "லைட்டர் இருக்குங்களா?"

கிழவி வாயைப் பொத்திக்கொண்டாள். மனேஜரின் முகத்தில் இரத்தம் ஏறி இறங்கியது. சட்டைப்பையில் சிகரெட் பெட்டியின் மேலே லைட்டர் துருத்திக்கொண்டு எல்லாருக்கும் தெரிந்தது. இல்லை என்று சொல்ல முடியாது. திட்டவும் முடியாது, அத்தனை கண்கள். அவர் லைட்டரை எடுத்து, குனியாமல், கையை மட்டும் நீட்டினார்.

சோலைமலை வீரய்யாவை முதுகில் தாங்கி நிமிர்த்தினார். பூரணி படங்கைக் கூரை போலப் பிடித்தாள். வீரய்யா கல்லின் மேல் சூடத்தை வைத்து ஏற்றினார். அது எரிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை, உதடு அசைந்தது. கொஞ்ச நேரம்தான். கல்லில் கறுப்பாக ஒரு வட்டம் மிஞ்சியது. புல் கருகவில்லை.

லைட்டரைத் திருப்பி நீட்டினார். மனேஜர் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், "வைச்சுக்கோ," என்றார் உடைந்த தமிழில். வீரய்யா அதைக் கல்லின் மேல், கறுப்பு வட்டத்தின் பக்கத்தில், வைத்துவிட்டார்.

திரும்பும்போது மூக்கன் படங்கை இழுத்து மூடப் போனான். "மூஞ்சிய மூடாத," என்றார் வீரய்யா. "மழ பட்டா படட்டும்."

பண்டார மறுபடி தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். கம்பளி பக்கத்தில் வந்தபோது, உள்ளேயிருந்து இரண்டு கண்கள் தன்னைப் பார்ப்பதைக் கண்டு ஓரடி பின்வாங்கினார். பிறகு மெதுவாகத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். வீரய்யா அவருக்குக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த மனிதர் மட்டும்தான் அன்று அவரைப் பார்த்துச் சிரித்தது.

நல்லவேளையாகப் பண்டாரவின் வேலை போகவில்லை. அம்பலவாணர் ஏதோ எழுதிச் சமாளித்தார் என்று பிறகு கேள்விப்பட்டார்கள். புது வருடத்தில் ஓட்டலின் விளம்பரப் புத்தகம் வந்தது. பிள்ளைக் காம்பராவுக்குக் குழந்தைகள் கிறுக்கட்டும் என்று பத்துப் பிரதி அனுப்பியிருந்தார்கள். நடுப்பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட அப்பா, பின்னால் பட்டுப்புடவையில் சர்மிளா, அதற்கும் பின்னால் வளைந்து வேலிக்குள் மறைகிற சிமெண்ட் பாதை. எல்லாரும் போகலாம், எல்லா இடமும் போகலாம் என்று கீழே இங்கிலீஷில் எழுதியிருந்தது. பூரணி பத்துப் பிரதிகளிலிருந்தும் அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டாள். வழவழப்பான தாள் சரியாக எரியவில்லை. டெட்டோலை விட மோசமான ஒரு நெடி வந்தது.

வீரய்யா அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் இருந்தார். ஒரு நாள் அவரை மறுபடி அந்தக் கேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், இந்தத் தடவை பெட்டியில். பண்டார எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றும் முன் பூரணியின் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நங்கி, தங்கச்சி, இந்தத் தடவ உண்மையா?"

அவள் தலையை ஆட்டினாள். அவர் கேட்டின் இரண்டு கதவுகளையும் திறந்தார்.

கீழ்ப் புல்வெளிக்கு நேரே வந்ததும், அங்கே பெட்டியைக் கொஞ்சம் இறக்கச் சொன்னாள் பூரணி. யாரையும் கேட்கவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. தீப்பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்து வந்திருந்தாள்.